சம்பந்தி அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய விவரம்

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் எட்வர்ட் அவர்களுக்கு,

பிரான்சு தேசம், கெர்திவான் கிராமத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் சின்னதுரை தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. காட்டுப்பள்ளியில் தாங்களும் அக்காவும் சுகமா? உங்கள் வீட்டில் விட்டுவந்த உங்கள் தங்கை கன்னியம்மாவின் முட்டி ஆபரேஷன் ஆறி வருகிறதா? போனில் பேசலாம்தான், ஆனால் மகள் மோனிகா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம மோனிகா கட்டிக்க ஆசைப்படும் லூக் பையனுடைய வீட்டை நான் நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் கோயிலில் சபையாருக்கு அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிப்பது என்று பேசி என்னை அனுப்பினீர்கள். அந்த வார்த்தை இதுதான்: வாசிக்க வேண்டாம். போதகரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். ஏன் என்பீர்கள். சொல்றேன், கேளுங்க.

வந்து எறங்கின அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு மச்சான். பையனோட அம்மா, ஒதில்னு பேரு, வாசல்ல கம்பு ஊனி நின்னுக்கினு இருந்தாங்க. நான் மரியாதையா கும்பிட்டேன். அவங்க நேரா வந்து என் ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டாங்க! அவங்க ஊட்டுக்காரர் பெர்னார் பக்கத்துலயே நின்னு சிரிக்கிறார். இவரு அடிக்கப்போறார்னு பார்த்தா அவரும் வந்து குடுத்துட்டார். "இங்க வழக்கம் நைனா"ன்றா மோனிகா. சரி, வழக்கம்னு உள்ள போயி சாப்பாட்டுக்கு உக்கார்ந்தோம். பசி காதை அடைக்குது. வறுத்த கோழி வருது. சம்பந்தி ஊட்ல எடுத்ததும் கையை நீட்டினா இன்னா நெனைப்பாங்க? நாம வேணாம் வேணாம்னு சொல்லணும், அவங்க அட சாப்பிடுங்கன்னு தட்டுல கொட்டணும், அதானே மரியாதை? நான் ஒரே ஒரு தபா "நோ"ன்னேன். எடுத்துக்கினு போயிட்டாங்க மச்சான்! திரும்பி வரவேயில்ல. நான் கெத்தை வுடாம உருளைக்கெழங்குக்கும் "நோ", சீஸுக்கும் "நோ"ன்னு மரியாதை பண்ணிக்கினே இருந்து தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்தேன். மறுநாள் ஊர்ல இருக்கிற ஒரே ரொட்டிக்கடைக்கு மத்தியானமா ஓடினா, பூட்டிக் கெடக்குது. கடைக்காரன் சாப்பிடப் போயிட்டானாம்! பசிக்கிற நேரத்துக்குச் சோத்துக்கடையைப் பூட்டிட்டு சாப்பிடப் போறவனை நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல பார்த்ததேயில்ல. ஊரு பூரா ஒரு ஜனம் கண்ணுல படல, ஒரு பூனை மட்டும் என்னைப் பார்த்துட்டு உள்ள போயிடுச்சு.

அப்புறம் கடலோரம் சுத்திக் காட்டறோம்னு கார்ல ஏத்திக்கினு போனாங்க. லைட் ஹவுஸ் ஏறினோம், நம்ம பழவேற்காட்டுல இருக்கிற அதே லைட் ஹவுஸ்தான், காத்து மட்டும் ஜாஸ்தி. கீழ எறங்கினா ஒரு கடையில சிப்பி விக்கிறாங்க. உசுரோட இருக்குது மச்சான். எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சா உள்ள சுருங்குது, அதை அப்படியே வாயில வெச்சு உறிஞ்சறாங்க! பெர்னார் ஒண்ணை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். அந்த "நோ"வைத்தான் நான் மனசார சொன்னேன். பீச்சுக்குப் போனா அங்க அதுக்கு மேல பேஜாரு. கெழவன் கெழவி, தாய் புள்ளைன்னு பாக்காம கைக்குட்டை அளவுத் துணியைக் கட்டிக்கினு கருவாடு மாதிரி காயறாங்க. கருமம் கருமம்னு நான் லைட் ஹவுஸையே பார்த்துக்கினு உக்கார்ந்து, அப்படியே கண் அசந்துட்டேன்.

கண்ணைத் தெறந்தா கடலைக் காணோம்!

நெஜமா சொல்றேன் மச்சான், காணோம். எதிர்ல இருந்த தண்ணி எங்கயோ தூரத்துல கோடு மாதிரி கெடக்குது. படகுங்க சேத்துல சாய்ஞ்சு கெடக்குது. மோனிகாவும் லூக்கும் அந்தச் சேத்துக்கு நடுவுல குனிஞ்சு சிப்பி பொறுக்கிக்கினு இருக்காங்க. அந்தக் கிறிஸ்மஸுக்கு மறுநாள் உங்க ஊட்டுக்கு வந்திருந்தோமே, அன்னிக்கும் இப்படித்தானே கடலு பின்னால போச்சு, பசங்க மீன் பொறுக்க ஓடினாங்க, நாலு வயசு மோனிகாவைத் தோள்ல போட்டுக்கினு நான் ஓடியாந்ததை நீங்கதானே பார்த்தீங்க! "சுனாமி! மோனிகா, ஓடியா!"ன்னு அலறினேன். பக்கத்துல ஒதில் அம்மா நாற்காலியில உக்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கோ கால் நோவு, எழுந்து ஓட முடியாது. யோசிக்கவேயில்ல, ரோலிங் மில்லுல கம்பி தூக்கின தோளு, அலாக்காத் தூக்கிப் போட்டுக்கினு மேட்டைப் பார்த்து ஓடினேன். அவங்க கத்தறாங்க, கம்பால என் முதுகுல சாத்தறாங்க. நான் வுடல. ஐஸ்கிரீம் வண்டி நிக்கிற மேடு வரைக்கும் ஓடிப்போய் எறக்கிட்டுத் திரும்பினா, லூக் என் பொண்ணைத் தூக்கிக்கினு என் பின்னாலயே ஓடியாறான். மத்த ஜனம் ஒண்ணும் ஓடல. எழுந்து உக்கார்ந்து எங்களையே பார்க்குது. பெர்னார் மூச்சு வாங்கிக்கினு வந்து கை ஜாடையில சொல்றார், இங்க கடலு தெனம் ரெண்டு தபா போவுமாம், ரெண்டு தபா வருமாம், மில்லு ஷிப்டு மாதிரி!

மானம் போச்சு மச்சான். சம்பந்தியைத் தொட்டுத் தூக்கின மனுசன் எந்த மூஞ்சியை வெச்சுக்கினு அந்த ஊட்ல நிப்பேன்? ஐஸ்கிரீம்காரன் வுழுந்து வுழுந்து சிரிச்சான், அது கூடப் போவுது. எனக்கு வலிக்கிறது அந்தப் பையன் பண்ணதுதான். அங்கயே பொறந்து வளர்ந்தவன், கடலு திரும்பி வரும்னு தெரியும். தெரிஞ்சும் என் பொண்ணைத் தூக்கிக்கினு என் பின்னால ஓடியாறான்னா, என்னை மாதிரி ஆக்டிங் குடுத்துக் கேலி பண்றான்னுதானே அர்த்தம்? பயந்து அலறுற பெரியவனைப் பார்த்துச் சிரிக்கிறவன், நாளைக்கு என் பொண்ணு அழுதா இன்னா பண்ணுவான்? அதுவும் தெனம் ஓடிப்போற கடலுக்குப் பக்கத்துல அவளை வுட்டுட்டு நான் எப்படி மச்சான் தூங்குவேன்? வேணாம். ஓலை வேணாம். அவளைக் கையோட கூட்டிக்கினு வர்றேன்.

அக்காவுக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சமாதானத்தின் தேவன் உங்கள் எல்லாரோடும் இருப்பாராக. என்னோடும் கொஞ்சம் இருந்தால் தேவலை.

இப்படிக்கு,
மனம் நொந்த
சின்னதுரை

பின்குறிப்பு: இதைப் போட்டோ புடிக்கப் போற நேரத்துல மோனிகா வந்து, "இன்னா நைனா, மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு இருக்க?"ன்னா. கூப்டு அவனை, ஏன்டா என்னைக் கேலி பண்ணேன்னு கேளுன்னேன். கேட்டா. பையன் மொகம் செவந்துபோச்சு. மெதுவா அவகிட்ட இன்னாமோ சொன்னான், அவ கண்ணைத் தொடைச்சிக்கினு அவன் சொன்னதை அப்படியே எனக்குத் தமிழ்ல சொன்னா: "கடலு ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்கப்பா மொகத்தைப் பார்த்தேன். அந்த மனுசன் அப்படி அலறும்போது நின்னு விளக்கம் சொல்லிக்கினு இருக்க முடியுமா? முதல்ல அவர் பொண்ணை அவர்கிட்ட கொண்டுபோய்ச் சேர்த்துடணும்னுதான் தோணுச்சு."

மேல எழுதின அத்தனையும் கேன்சல் மச்சான். ஓலையை இந்த ஞாயித்துக்கெழமையே வாசிக்கச் சொல்லுங்க. நான் சம்பந்தியைத் தூக்கின சங்கதி கன்னியம்மா காதுக்குப் போவக்கூடாது. மாப்ள எப்படின்னு கேட்டா, நல்லா ஓடுவாருன்னு மட்டும் சொல்லுங்க.