கம்பளி கொடுத்த குடும்பம்

ஃபவுஸ்டோ அந்தப் பதிலைச் சொல்லியிருக்கவே கூடாது. ஆனால் எதிரே நின்ற பெரியவரின் கண் கலங்கியிருந்தது. இவனுக்கோ மத்தியானப் பசி.

சான் மரீனோவில் வழிகாட்டி வேலை பார்ப்பவனுக்கு நாட்டைச் சுற்றிக் காட்ட ஒரு காலைப்பொழுது போதும். வரலாறுதான் நீளம். மகளோடு பக்கத்து இத்தாலிய நகரமான ரிமினியிலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவர் அத்திலியோவுக்கு அதில் ஒரு பக்கம் மட்டுமே வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடிவந்த லட்சம் பேரை, தன் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டத்தை, இந்த மலைநாடு உள்ளே விட்டு ரயில் சுரங்கங்களில் தங்கவைத்தது. ஆறு வயது அத்திலியோவும் அவர் அம்மாவும் அப்படி வந்தவர்கள்தான். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த இருவருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருத்தி தன் தோளில் கிடந்த கம்பளியைப் போர்த்திவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

"அவங்க எந்தக் குடும்பம்னு உனக்குத் தெரியுமாப்பா?" என்று சுரங்க வாசலில் நின்று கேட்டார் பெரியவர்.

தெரியாது என்றால் அந்த முகம் வாடிவிடும்.

"எங்க குடும்பமாத்தான் இருக்கும்" என்றான் ஃபவுஸ்டோ.

பெரியவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிடி தளர்ந்ததும் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார். அப்பாவின் அத்தை எர்சீலியா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். அப்படி ஒருத்தி அவன் பரம்பரையிலேயே கிடையாது. எர்சீலியா வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் பெரியவர். வீட்டில் சாப்பாடாவது கிடைக்கும் என்று அழைத்துப் போனான்.

வழியிலேயே மனைவி லொரெதானாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். "இல்லாத அத்தைக்கு நான் எங்கங்க போறது?" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

கூடத்தில் நுழைந்ததும் பெரியவர் எர்சீலியாவின் படம் இருக்கிறதா என்று கேட்டார். சுவரில் இருந்தது ஒரே ஒரு பெண்ணின் பழைய படம். தலையில் துணி கட்டி, திராட்சைக் கூடையோடு நின்றாள். வேறு வழியில்லாமல் ஃபவுஸ்டோ அதைக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து, படத்தில் இருந்தவளே பியாதினா ரொட்டித் தட்டோடு வெளியே வந்தாள். ஃபவுஸ்டோவின் மாமியார் நோர்மா. போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்தவள். அதை ஊருக்கு ஞாபகப்படுத்தவே தலைக்குத் தவறாமல் சாயம் பூசுகிறவள்.

பெரியவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உயிரோடதான் இருக்கீங்களா, தாயி" என்று கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இவருக்கு நான் தாயா? எனக்கு என்ன வயசுன்னு சொல்லி வச்சிருக்கீங்க மாப்பிள்ளை?"

ஃபவுஸ்டோ அவள் பின்னால் போய், இன்றைக்கு ஒருநாள் மட்டும் எர்சீலியாவாக இருக்கும்படி காதோரம் கெஞ்சினான். தட்டு தன் தலைக்கு வரும் என்றுதான் நினைத்தான்.

"அன்னிக்குப் பார்த்த மாதிரியே இருக்கீங்க. கொஞ்சங்கூட மாறல" என்றார் பெரியவர்.

நோர்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்து அவருக்குப் பரிமாறினாள். பரிமாறிக்கொண்டே, அன்றைக்கு அடித்த குளிரையும், சுரங்கத்தில் சொட்டிய தண்ணீரையும், அவர் அம்மா தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பையும் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். பெரியவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். லொரெதானாவும் அழுதாள். ஃபவுஸ்டோவுக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

கிளம்பும்போது அவர் பையைத் திறந்து, புத்தம் புதுக் கம்பளி ஒன்றை எடுத்து நோர்மாவின் தோளில் போர்த்தினார். "எங்கம்மாவால சொல்ல முடியாமப் போன நன்றி" என்றார்.

அதற்கு மேல் ஃபவுஸ்டோவால் தாங்க முடியவில்லை. மாமியாரின் தோளிலிருந்து கம்பளியை எடுத்துக்கொண்டு அவர்கள் காருக்கு ஓடினான். அப்பாவை உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த மகள் ஒரியேட்டாவிடம், தான் ஒரு பெரிய தப்புப் பண்ணிவிட்டதாக ஆரம்பித்தான்.

அவள் கம்பளியை மடித்துத் திரும்ப அவன் கையிலேயே வைத்தாள்.

"வச்சுக்கோங்கண்ணே. யாருன்னு தெரியாததால ஊர் மொத்தத்துக்கும் நன்றி சொல்லிட்டுத்தான் கண்ண மூடுவேங்கிறாரு அப்பா. வருஷத்துக்கு ஒரு வீடு, இதுவரைக்கும் ஒம்போது எர்சீலியாவப் பார்த்தாச்சு."