அரைக்கலரும் அப்பா காரும்

கடவுள் இந்த உலகத்துக்கு வண்ணம் அடிக்கும்போது அங்கங்கே அவசரப்பட்டுவிட்டார் என்று மனதார நம்பியவர், எனக்குத் தெரிந்து கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர்தான். அவர் அரைக்கலர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்டால் அவரே சற்று யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

அது உலகச் சண்டைக் காலம். உத்தமபாளையத்தில் ஒரு பஸ் முதலாளியிடம் நான் கிளார்க்காக இருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்கள் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு, அதன் வாயுவில் ஓடின. அரைக்கலர் எங்கள் ஷெட்டுப் பெயிண்டர். எதைக் காட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அரைக் கலர் கம்மியா இருக்கே" என்பார். பஸ்ஸுக்குச் சொன்னால் சரி. சாம்பாருக்கும் சொல்வார். ஆசையாகச் செவலைக் கன்று வாங்கி வந்த ஒருவரிடம் சொல்லிவைக்க, அவர் அதை ஓட்டிக்கொண்டு சந்தைக்கே திரும்பிப் போனார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. காபி கொண்டுவந்த பெண்ணிடம், "சேலைக்கும் ரவிக்கைக்கும் அரைக் கலர் எடம் விடுதே" என்றாராம். வீடே வெலவெலத்துப் போனது. அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சேலை பழசு, ரவிக்கை புதுசு. நாலு தடவ தொவச்சா சரியாப் போகும்" என்றாள். அந்த மாதமே கல்யாணம். அவர்தான் எங்கள் மதினி.

முதலாளிக்கும் அவர் அக்காவுக்கும் பேச்சு இல்லாமல் பல வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு கார். அவர்கள் அப்பா சீமையிலிருந்து வரவழைத்த கார். அக்கா புகுந்த வீட்டுக்குப் போனதே அதில்தான். அப்பா போன பிறகு, முதலாளி ஏதோ ஒரு மகிழ்ச்சியில் அதற்குப் பளீரென்று சிவப்பு அடித்துவிட்டார். அக்கா பார்த்தார். அன்றைக்குத் தேவதானப்பட்டிக்குத் திரும்பிப் போனவர் மறுபடி வரவில்லை.

இப்போது முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். அழைக்கப் போனவர்களிடம் அக்கா சொல்லி அனுப்பினார்: "எங்கப்பா காரு வந்து கூப்புட்டா வாரேன். அந்தத் தபால் பெட்டியில ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

முதலாளி அரைக்கலரைக் கூப்பிட்டு, காரைப் பழைய கலருக்கே மாற்றச் சொன்னார். கதவில் சிவப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும், உள்ளே வெளிறிய பச்சை தெரிந்தது.

"இதேதான். நான் ஏறி வெளையாண்ட காரு" என்றார் முதலாளி, அந்த இடத்தை விரலால் தடவி.

அரைக்கலர் முன்விளக்கைக் கழற்றினார். விளக்கின் கால் பதிந்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆழ்ந்த ஒரு பச்சை, ஈரம் காயாததுபோல் மின்னியது.

"இங்கன வெயிலே பட்டதில்ல மொதலாளி. கம்பெனியில அடிச்ச கலர் இதுதான்."

"எங்கப்பா காரு எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்கு வெளுத்த காரத்தான் தெரியும். அக்கா கல்யாணத்தப்ப அது புதுக் காரு. அவுக மனசுல இருக்கது இது."

முதலாளி மீசையைத் தடவினார். "அக்கா வரலைன்னா நீ ஷெட்டுப் பக்கம் வரக் கூடாது."

"சரி, வரல" என்றார் அரைக்கலர்.

சீமைப் பெயிண்ட் வரத்து நின்றுபோயிருந்தது. மதுரைக் கடையில் அடித்தட்டில் கிடந்த நீலம், பஸ்ஸுக்கு வைத்திருந்த மஞ்சள், கறுப்புக்குப் பஸ் கரியையே மாவாக அரைத்துச் சலித்தது. இவற்றைக் கலந்து கலந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை மூடிகளில் பூசிப் பார்த்தார். வெயிலில் ஒரு பச்சை, நிழலில் ஒரு பச்சை. எங்கே பச்சை கண்டாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க, மூடியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தார். சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்து, இலை இலையாக ஒட்டிப் பார்த்தபோது தோட்டக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இங்கன என்னய்யா பண்ற?"

திருட வரவில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். இவர், "ஒங்க வெத்தல அரைக் கலர் கம்மி" என்றார். கட்டிப் போட்ட இடத்திலிருந்து நான் போய் மீட்டு வந்தேன்.

கல்யாணம் நெருங்கியது. முதலாளி ஷெட்டு வாசலில் நின்று பெருமூச்சு விட ஆரம்பித்தார். அரைக்கலருக்குச் சோறு இறங்கவில்லை. கலப்பார், பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி கலப்பார்.

மதினி ஒரு காலையில் ஷெட்டுக்கே வந்துவிட்டார். "பானைக்கு மூட மூடி இல்ல. ஒண்ணாச்சும் குடுங்க" என்று, சன்னலில் கிடந்த மூடிகளில் ஒன்றை எடுத்தார். எடுத்தவர் நின்றார். காரருகே போய், விளக்கு இருந்த இடத்தில் அதை வைத்தார்.

"ஏங்க, இந்தா இருக்கே."

"அது போன வாரம் தள்ளுனது."

"ஈரமா இருக்கையில பாத்துத் தள்ளிருக்கீக. காஞ்ச பெறகு பாத்தீகளா?"

அரைக்கலர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். மூடி எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவசரப்பட்டது கடவுள் மட்டுமல்ல என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தார்.

அந்த மூடிப் பச்சையைக் கார் முழுக்க அடித்துக் காயவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள், சேர்த்து வைத்த பெட்ரோலை ஊற்றித் தேவதானப்பட்டிக்குக் கிளம்பினோம். மரியாதைக்கு முதலாளி, பழிக்கு அரைக்கலர், நின்றுபோனால் தள்ளுவதற்கு நான்.

அக்கா வாசலுக்கு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவில் கையை வைத்தவர் வைத்தபடியே நின்றார். முதலாளி வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். அரைக்கலர் மூச்சுவிட்டதாக எனக்கு நினைவில்லை.

"தம்பி, கதவத் தொற" என்றார் அக்கா.

அவ்வளவுதான். மீசை வைத்த முதலாளி சிறுபிள்ளையாக அழுதுகொண்டே கதவைத் திறந்தார். அக்கா ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "யாரு இத அடிச்சது?"

நான் அரைக்கலரை முன்னால் தள்ளினேன்.

"இவுக நடந்தா வரப்போறாக? முன்னாடி ஏறச் சொல்லு. நாளைக்கு ஊர்வலத்துலயும் அவுக அங்கனதான் உக்காரணும்."

மறுநாள் நாதஸ்வரத்துக்குப் பின்னால் உத்தமபாளையம் வீதிகளில் கார் ஊர்ந்தது. இருபுறமும் ஜனம். பின் சீட்டில் பொண்ணும் மாப்பிள்ளையும். முன்னால் டிரைவர் பக்கத்தில், பச்சைக் கறை போகாத கைகளைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு, ராஜா மாதிரி அரைக்கலர். மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று வீட்டில் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. வழி நெடுக நான் முன் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.