பாலாய் வாசலில் பெரட்டு

பேராக் மாநிலத்திலேயே பெரிய தொண்டை பெரட்டு மாமாவுடையது. யாராவது இதை மறுத்தால் அவர் பக்கத்து மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும். அங்கேயும் லேசாகக் கேட்டிருக்கும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் கங்காணி. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அவர் கூப்பிட்டால், போர்வைக்குள் கிடப்பவன் முதலில் "ஐயா!" என்று கத்துவான், அப்புறம்தான் கண் விழிப்பான். அங்கே பிறந்து வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஊறிய வியாதி.

எழுபதுகளில் வேலையை விட்டு ஈப்போவுக்கு வந்தார். பழக்கம் விட்டால்தானே! கல்யாணப் பந்தியில் பெயர் கூப்பிட்டு முடிக்காமல் சாம்பார் வாளியை நகர விடமாட்டார். ஒருமுறை பஸ்ஸில் ஆரம்பித்தார். அரண்டுபோன சீனக் கண்டக்டரும் "ஐயா!" என்றார்.

"இவர தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அங்கயும் பெரட்டு எடுப்பாரு லா" என்பான் என் அண்ணன் வேலு.

இருவருக்கும் ஆகவே ஆகாது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள், குடியிருப்பவர்களுக்கு வீடு கொடு என்று அண்ணன் கூட்டம் போட்டுப் பேசுவான். "தொரைகிட்ட பணிவா போய்க் கேக்கணும்டா. கத்துனா காரியம் ஆவுமா?" என்று மாமா கத்துவார். அண்ணன் அவரைத் துரைக்கு வால் பிடிக்கிறவர் என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வாசலில் தகரப் பீப்பாய்மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்த அண்ணனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அனுமதி வாங்காத கூட்டமாம். வழக்கே போடாமல் ஆளைக் கொண்டுபோய் அடைத்துவைக்கவும் சட்டம் இருந்த காலம் அது. நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்த ஆபீசின் யாழ்ப்பாணத்து வக்கீலை இழுத்துக்கொண்டு மறுநாள் காலையில் பாலாய்க்கு ஓடினேன். எங்கள் ஊரில் போலீஸ் நிலையத்துக்கு அதுதான் பெயர்.

"வேலுவா? அப்படி யாரும் இங்க இல்ல" என்றார் போலீஸ் சார்ஜன். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"ஆள் இங்க இல்லையெண்டால் நான் யாரைப் பாக்கக் கேக்கிறது?" என்று வக்கீல் கையைப் பிசைந்தார்.

வாசலில் உட்கார்ந்து அழுதேன். அப்போது பெரட்டு மாமா வந்து சேர்ந்தார், இஸ்திரி போட்ட காக்கி அரைக்கால் சட்டையில். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"வேடிக்கை பாக்க வந்தீங்களா மாமா? உங்களுக்குத்தான் அவனக் கண்டா ஆகாதே!"

"ஆகாதுதான். அவன் பேசுறது பூராவும் ஒளறல். அதுக்குத்தான் நான் இருக்கேன்ல, பதிலுக்குப் பேச? நடுவுல பாலாய்க்கு என்ன வேல? தப்புன்னா மேஜிஸ்திரேட்டுக்கு முன்னால நிறுத்திச் சொல்லட்டும். ஆளையே இல்லங்கிறது என்ன நியாயம்? நீ எந்திரி தாயி."

கட்டடத்தைப் பார்த்து விறைப்பாக நின்றார். மூச்சை இழுத்தார்.

"வேஏஏலூ!"

ஐயோ, அந்தச் சத்தம்! மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. சார்ஜனும் தோட்டத்துப் பிள்ளைதான் போலிருக்கிறது. சட்டென்று காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றுவிட்டார்.

உள்ளே எங்கிருந்தோ, சுவர்களுக்கு அப்பாலிருந்து, என் அண்ணன் குரல் கேட்டது.

"ஐயா!"

வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவோம் என்று உள்ளே மிரட்டி வைத்திருந்தார்களாம். "அசந்து தூங்கிட்டேன். பேரு காதுல விழுந்துச்சு, வாய் தானா சொல்லிருச்சு" என்று பிறகு சொன்னான்.

வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆள் இருக்கிறார். இப்ப நான் பாக்கலாமோ?"

சார்ஜன் கதவைத் திறந்தார். அன்றே அண்ணனை மேஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். வக்கீல் வாதாடினார். ஜாமீன் கிடைத்தது.

கோர்ட்டு வாசலில் மாமா காத்திருந்தார். அண்ணன் அவரைப் பார்த்ததும் நின்றான். கையெடுத்துக் கும்பிடுவான் என்று நினைத்தேன். மாமா விட்டால்தானே!

"டேய், நீ நேத்து பீப்பா மேல நின்னு பேசுனது அத்தனையும் தப்பு."

"எது தப்பு? சொல்லுங்க பாப்போம்!"

"மொதல்லேருந்து சொல்லு, வாரேன் ஒவ்வொண்ணா."

இருவரும் நடுத்தெருவில் நின்று கத்தத் தொடங்கினார்கள். இனி இந்தச் சத்தத்தைக் கேட்கவே மாட்டோமோ என்று ராத்திரி முழுக்கப் பயந்திருந்தவள் நான். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

சண்டையை நிறுத்திவிட்டு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இப்ப எதுக்கு அழுவுற?" என்று ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

அவர்கள் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.