ஃபார்மேட் மாஸ்டர்

உலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: அடுத்தவர் கம்ப்யூட்டரை மட்டும் சரிசெய்யத் தெரிந்தவர்கள். உங்கள் ஆபீசிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் கூப்பிடவே வேண்டாம். "ஓப்பன் ஆகலையே" என்று வாய்க்குள் முனகினால் போதும், வந்து நின்று "நகருங்க" என்பார். நகர்ந்தீர்களோ, தொலைந்தீர்கள்.

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் இந்த இனத்தின் பிரதிநிதி தேவானந்தம். இருபத்தேழு வருடமாகத் தோல் தரம் பிரிக்கிறவர். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, மூக்கருகே ஒரு பிடிப்பு; அவர் மூன்றாம் தரம் என்றால் மூன்றாம் தரம்தான், முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். அந்த வேலையில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர் என்பதுதான் தொல்லை. தோல் கட்டைவிரலுக்குக் கட்டுப்படும்போது மற்றதெல்லாம் ஏன் கட்டுப்படாது? என்றைக்கோ ஒருநாள் பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார், அது ஓடிவிட்டது. அன்றோடு கம்பெனியின் நிம்மதி போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை அவரிடம் மாட்டிக்கொண்டவள் ஹெப்சி. வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான டிசைனர். சென்னையில் ஒரு மேக் கம்ப்யூட்டரில் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த நாற்பது ஷூ டிசைன்களை எக்ஸ்டர்னல் ட்ரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வேறு நகல் கிடையாது. அந்த மேக்கையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்று மணிக்கு ஆர்டர் கொடுக்கிற ஜெர்மன்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் இவள் வேலை நிலைக்கும். கம்பெனியிலோ விண்டோஸ். செருகினால் ட்ரைவ் திறக்கவில்லை.

"நகரும்மா," என்றார் தேவானந்தம்.

முதலில் ட்ரைவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து "சூடு ஜாஸ்தியா இருக்குது" என்றார். பிறகு ஒயர் முனையில் ஊதினார், சட்டையில் துடைத்தார், முன்பக்கத் துளையிலிருந்து உருவிப் பின்பக்கத் துளையில் செருகினார், வெறும் திரையில் ரிஃப்ரெஷ் ரிஃப்ரெஷ் என்று பதினைந்து தடவை அமுக்கினார் (எதற்கு என்று இந்த இனத்தில் யாருக்கும் தெரியாது, அமுக்காதவர் ஒருவரும் இல்லை), கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், கடைசியில் "வைரஸ்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கட்டிங் செக்‌ஷன் மஹபூப் பாஷா எட்டிப் பார்த்தார். "மேக்ல போட்டதுன்னா இதுல தெரியாது மாஸ்டர். எங்க வூட்டுக் கல்யாண வீடியோவும் இப்படித்தான் பேஜார் பண்ணிச்சு. பஜார்ல அந்த ஸ்டுடியோக்காரன்கிட்ட மேக் இருக்குது. அதுல செருகினா வந்துடும்."

"பாய், நீ போய் தோலை வெட்டு. இத நான் பாத்துக்கறேன்."

ஸ்டுடியோவில் திறந்துவிட்டால் பெயர் ஸ்டுடியோக்காரனுக்கல்லவா போகும்? ஹெப்சி மட்டும் பாஷாவிடம் ஸ்டுடியோ நம்பரை வாங்கிக்கொண்டாள். "இங்க சத்தமா இருக்குது, வெளில போய்ப் பேசிட்டு வர்றேன். எதையும் அமுக்காதீங்க மாஸ்டர், ப்ளீஸ்."

தேவானந்தத்தின் நிலைமையையும் யோசியுங்கள். முதுகுக்குப் பின்னால் ஆறு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. ஆனால் இருபத்தேழு வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அந்த நேரம் பார்த்துத் திரை அவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது: ட்ரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

"பாத்தியா, கம்ப்யூட்டரே வழி சொல்லுது!"

அமுக்கினார். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று இன்னொரு எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையைப் படிக்கிறவர் இந்த இனத்தில் எப்படிச் சேருவார்? அதற்கும் சரி என்றார்.

ஹெப்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "எடுத்துட்டு வரச் சொல்றாங்க மாஸ்டர். அஞ்சு நிமிஷ வேலையாம்."

"இன்னாத்துக்கு? வேலை முடிஞ்சிடுச்சு. பாரு, எவ்ளோ ஜோரா ஓப்பன் ஆகுது!"

பொய்யில்லை. ட்ரைவ் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"டிசைன்லாம் எங்க மாஸ்டர்?"

"ட்ரைவ் ரெடியாயிடுச்சு இல்ல? இனிமே எத்தினி டிசைன் வேணும்னாலும் போட்டுக்கோ."

மணி இரண்டு நாற்பது. ஹெப்சி ட்ரைவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஒரு கட்டு வெள்ளைத்தாளை எடுத்து, ஞாபகத்தில் இருந்ததை வரைய ஆரம்பித்தாள். ஜெர்மன்காரர் கார் வாசலில் நிற்கும்போது நாற்பதில் மூன்று முடிந்திருந்தது. பார்க்கவே வயிறெரிந்தது. பக்கத்தில் குனிந்து நின்ற தேவானந்தம் அன்போடு சொன்னார்: "பென்சிலை அப்படிப் புடிக்காதம்மா. இங்க குடு."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ட்ரைவ் காலியானதும், "அடடா, அதை மீட்கிறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கே, நான் அங்கே இருந்திருந்தா..." என்று உங்கள் வாய் லேசாகத் திறந்ததா இல்லையா? திறந்ததென்றால் மூடிக்கொள்ளுங்கள். ஹெப்சி இன்னும் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பது தேவானந்தத்துக்குப் பயந்தல்ல. அவர் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டார். அவள் பயப்படுவது அடுத்து வரப்போகிற உங்களுக்கு.