மேனேஜர் கண்ணைப் பார்த்துப் பேசினார்

“அம்சம், உங்க மனசு இன்னைக்கு எப்படி இருக்கு?”

மேனேஜர் வசந்தகுமார் இப்படிக் கேட்டதும், அரிசி மில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த அம்சத்தின் கையிலிருந்து பலகை நழுவி விழுந்தது. போன வாரம் வரைக்கும் அவர் கேட்டதெல்லாம், “நெல்லு காயுதா, இல்ல நீ காயுறியா?” என்பதுதான்.

“என்ன சார் ஆச்சு? வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லயா?”

“இல்லைங்க, சும்மாதான் கேட்டேன்.”

அவர் எதையும் சும்மா கேட்டு அம்சம் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, இமைக்காமல் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வேறு நின்றார். பலகையை அங்கேயே போட்டுவிட்டு அவள் பாய்லர் பக்கம் ஓடினாள்.

பாவம், வசந்தகுமாரைச் சொல்லிக் குற்றமில்லை. முதலாளி பஞ்சநதம் அவரைத் தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார். ஃப்யூஸ் போன பல்பைக்கூட ஆட்டிப் பார்த்து மறுபடி மாட்டுகிற மனிதர், இதற்கு எப்படிச் செலவு செய்தார் என்பது வசந்தகுமாருக்கே புரியவில்லை. ‘பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கண்ணைப் பாருங்கள், மனசைக் கேளுங்கள்’ என்றார் பயிற்சி கொடுத்தவர். கடைசி நாள் முடிந்ததும், “உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் பேசணும், கொஞ்சம் இருங்க” என்றும் சொன்னார். நீடாமங்கலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதே என்று இவர் ஓடிவந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பாய்லர் பார்க்கும் ரெத்தினம் வந்து நின்றார்.

“சார், மில்லுல என்னதான் நடக்குது?”

சந்தேகம் வந்தால் எல்லோரையும் கூட்டி நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்தது. கூட்டினார்.

“நம்ம மில்லுக்கு எந்த ஆபத்தும் இல்ல. யாரும் பயப்படாதீங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்.”

ஆபத்து என்ற வார்த்தையை அதுவரை யாரும் சொல்லவில்லை. குடும்பம் என்றதும் மூட்டை தைக்கிற கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மில்லை மூடப் போறாங்கடி” என்றாள் அம்சம் அவள் காதில். காதில் சொன்னது களம் முழுக்கக் கேட்டது.

வசந்தகுமாருக்கு வியர்த்தது. ‘சேர்ந்து சாப்பிட்டால் மனம் சேரும்’ என்ற பாடம் ஞாபகம் வந்தது. ஆள் அனுப்பி எல்லோருக்கும் டீயும் அசோகா அல்வாவும் வாங்கிவரச் செய்தார்.

ரெத்தினம் இலையைப் பிரித்துப் பார்த்தார்.

“இத்தனை வருஷத்துல ஒரு பிஸ்கட்டு தந்தது கிடையாது. இன்னைக்கு அல்வா! முடிஞ்சுதுடா கதை.”

“அய்யோ, அப்படி இல்லைங்க ரெத்தினம்...”

“பாத்தீங்களா, எனக்குப் போயி ‘ங்க’ போடுறாரு! சார், பக்கத்து மில்லுல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நாளையிலேர்ந்து நாங்க எல்லாரும் அங்க போறோம்.”

சம்பா அறுப்பு நேரம். இவர்கள் போனால் மில் நிற்கும். மில் நின்றால் முதலாளி முதலில் வீட்டுக்கு அனுப்புவது மேனேஜரைத்தான். மகள் இந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். வசந்தகுமாருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் பாடமெல்லாம் பறந்துவிட்டது.

“யோவ், நிறுத்துய்யா! ஏசி ரூம்ல உக்கார வெச்சு கண்ணைப் பாரு, மனசைக் கேளுன்னு உயிரை வாங்குனானுங்க. எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு. எனக்கு நல்லவிதமா பேசத் தெரியலன்னு முதலாளி அனுப்புனாருய்யா! மூடுறதா இருந்தா எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் வேற எவன் வேலை வெச்சிருக்கான்? நீங்க போனா நானும் நடுத்தெருவுலதான். ஏய் அம்சம், என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? நெல்லு காயுதா, நீ காயுறியா?”

அம்சம் விழுந்து விழுந்து சிரித்தாள். கனகாவும் சிரித்தாள்.

“இப்பதான் நம்ம மேனேஜரு பேசுறாரு. காலையிலேர்ந்து யாரோ பேசிட்டு இருந்தாங்க” என்றாள் அம்சம்.

ரெத்தினம் அங்கேயே போனை எடுத்து பக்கத்து மில்லைக் கூப்பிட்டார். “யாரும் வரலீங்க. வேற ஆளப் போட்டுக்கங்க. எங்க மேனேஜரு சொல்லிட்டாரு, அவரு சொன்னாப் போதும்.”

இவ்வளவு வருஷமாக இந்த ஜனங்கள் தன்னை நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதே வசந்தகுமாருக்கு இன்றுதான் தெரிந்தது. ஆளுக்கு இன்னொரு வாய் அல்வா எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது முதலாளியின் கார் உள்ளே வந்தது. பஞ்சநதம் இறங்கி, சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தை நம்ப முடியாமல் பார்த்தார். வந்து வசந்தகுமாரின் தோளில் தட்டினார்.

“பரவாயில்லையே வசந்தா! மில்லை மூடப் போற விஷயத்த உன்கிட்ட பக்குவமா சொல்றேன்னுதான் அந்தத் தஞ்சாவூர் வாத்தியாரு சொன்னாரு; நீ இவங்ககிட்டயும் சொல்லி, சிரிக்கவே வெச்சிட்டியே!”