காகத்தின் பங்கு

பசியோடு இருப்பவர்களிடம் சாப்பாட்டின் சொற்பிறப்பைப் பற்றிப் பேசக்கூடாது. பேசுகிறவனும் பசியோடு இருந்தால் கட்டாயம் பேசக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது மொன்றியலுக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில், ஒரு மாடிப் பல்கனியில், புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்றில்.

துஷ்யந்தியின் வீட்டுக்கு முதன்முதலாகப் போயிருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா இன்னும் ஓம் சொல்லவில்லை; என்னைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தார். அன்று அவருக்குச் சனி விரதம். காகம் சோறு எடுத்த பிறகுதான் வாயில் எதையும் வைப்பார். (நானும் பதற்றத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்குப் புண்ணியம் கிடையாது.)

வாழையிலைத் துண்டில் எள்ளுச் சாதமும் ஒரு வடையும் வைத்து என்னிடம் தந்தார்.

“பல்கனியிலை வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு நில்லும் தம்பி. அணில் எடுக்க விட்டிடாதேயும்.”

நின்றேன். காகம் வரவில்லை. மேப்பிள் இலைகள் ஒவ்வொன்றாக, எங்கே போகிறோம் என்ற யோசனையே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. வெயில் தண்ணீர்போல் தெளிந்திருந்தது. எள் வாசத்தில் தலை மெல்ல மிதந்தது. பக்கத்தில் துஷ்யந்தியின் அப்பா. நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் சொற்களின் வரலாறு பற்றிப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். சும்மா நிற்க முடியவில்லை.

“அங்கிள், இங்கத்தைப் பிரெஞ்சு ஆக்கள் மத்தியானச் சாப்பாட்டை ஏன் ‘டினே’ எண்டு சொல்லுறவை, தெரியுமோ?”

“பசிக்கிறபடியால்,” என்றார்.

நான் விடவில்லை. பிரான்சில் இப்போது அது இராச் சாப்பாடு. கியூபெக்கில்தான் பழைய வழக்கப்படி மத்தியானத்திலேயே நிற்கிறது. மூலம் லத்தீன். பொருள், விரதத்தை முடிப்பது. இங்கே காலைச் சாப்பாடான ‘டெஜுனே’யும் அதே வேர்தான். ரோமாபுரியில் புறப்பட்ட ஒரு சொல், எத்தனையோ பேரின் பசியைச் சுமந்துகொண்டு கடல் கடந்து இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

“அப்பிடிப் பாத்தால், இண்டைக்கு அன்ரி சாப்பிடப்போறதுதான் அசல் டினே,” என்று முடித்தேன்.

அங்கிள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அரை வடை. மற்ற அரை எங்கே என்பது என் நாக்குக்குத் தெரிந்திருந்தது. இலையில் சோறும் ஒரு பக்கம் குழிந்திருந்தது.

கண்ணாடிக் கதவருகே அன்ரி நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற துஷ்யந்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது.

அன்ரி இலையைப் பார்த்தார். பிறகு என் மீசையில் ஒட்டியிருந்த எள்ளைப் பார்த்தார்.

“காகம் வந்து சாப்பிட்டிட்டுது,” என்றார் கணவரிடம். “இவ்வளவு நேரமும் கரைஞ்சது எனக்குக் கேட்டது. வாங்கோ, இனி நாங்கள் சாப்பிடுவம்.”

கல்யாணம் நடந்தது. இன்றும் புரட்டாதிச் சனிகளில் மத்தியானம் தாண்டினால் மாமியிடமிருந்து எனக்குத் தொலைபேசி வரும்.

“பல்கனியிலை ஒண்டையும் காணேல்லை தம்பி. நீர் வெளிக்கிட்டிட்டீரோ?”