ஒரு மாணவருக்காகக் காத்திருந்த வகுப்பு

மற்றவர்கள் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். என்னை முழுசாகத் திருத்தியவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான். அவர்களுக்குப் பன்னிரண்டு வயது.

பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் குறித்த நேரத்துக்கு அச்சுக்குப் போக வேண்டும். (செய்தி சரியா என்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.) அதே மனநிலையோடு என் மகள் யாழினியின் ஆறாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தைத் திறந்தேன். எங்கள் ஊரான உலு திராமில் அவள் வகுப்பு மூன்று வாரமாகப் பின்னத்திலேயே நின்றது. பக்கத்து ஊர் தம்போயில் படிக்கும் என் மச்சான் மகளோ இரண்டு பாடம் தாண்டியிருந்தாள். ஆறாம் ஆண்டுத் தேர்வை அரசாங்கம் எடுத்துவிட்டது. எங்கள் தலையிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

யாழினியை வேறு வகுப்புக்கு மாற்றக் கேட்டுக் கடிதம் எழுதினேன்.

"போன வருஷம் பரீட்சைன்னா வாந்தி எடுத்த பிள்ளைங்க இவ," என்றாள் என் மனைவி மாலா. "இந்த டீச்சர் வந்தப்புறம் ஒருநாளாச்சும் எடுத்தாளா?"

"வாந்தி எடுக்கலைன்னா மார்க் வந்துருமா?" என்றேன். (இன்றைக்கு என் மேசைக்கு வந்தால் இந்த வாக்கியத்தை வெட்டிவிடுவேன்.)

கடிதத்தோடு பள்ளிக்குப் போன என்னை யாழினியின் ரோஸலின் டீச்சர் வகுப்பு வாசலிலேயே பிடித்தார். "பாடம் நடக்குது சார். உள்ள உக்காருங்க, முடிஞ்சதும் பேசலாம்."

முழங்கால் நெஞ்சில் இடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். பலகையில் ஒரே கணக்கு: அரையை முக்காலால் வகுக்க வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்தேன். யாரும் விடை எழுதவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்கள். பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய், முக்காலைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கி, மூன்றில் இரண்டு என்று எழுதினேன். இருபது விநாடி.

முன்வரிசைப் பெண் கேட்டாள்: "ஏன் அங்கிள் திருப்பிப் போட்டீங்க?"

"அப்படித்தாம்மா செய்யணும்."

"அதான் ஏன்?"

பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள்: "மூணுல ரெண்டுன்னா, எதுல மூணுல ரெண்டு அங்கிள்?"

பலகையைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அதற்கு மேல் அதில் எனக்கு எதுவும் சொந்தமில்லை.

"தெரியல," என்றேன்.

வகுப்பே கைதட்டியது. என் காது சுட்டது.

"கேலி இல்ல சார்," என்றார் டீச்சர். "இங்க யாரு தெரியலைன்னு சொன்னாலும் கைதட்டுவோம். அவங்களுக்குப் புரியற வரைக்கும் அடுத்த பக்கம் போக மாட்டோம்."

"நான் மாணவன் இல்லையே டீச்சர்?"

"வகுப்புக்குள்ள இருக்கீங்க லா."

ஒருத்தி விளக்கினாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

"டீச்சர், அங்கிள் பொய் சொல்றாரு! சும்மா தலையாட்டுறாரு!"

அப்புறம் யாழினி எழுந்து வந்தாள். முந்தைய வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காத பிள்ளை. ஒரு வட்டத் தாளை நான்காகக் கிழித்து மேசையில் வைத்தாள்.

"இது ரொட்டி சானாய் அப்பா. ஒருத்தர் பங்கு முக்கால் ரொட்டி. அது எத்தனை துண்டு?"

"மூணு."

"நம்மகிட்ட பாதி ரொட்டிதான் இருக்கு. அது எத்தனை துண்டு?"

"ரெண்டு... இரு, அப்ப வந்து..."

"அவசரமில்லப்பா. மெதுவா."

அவள் காத்திருந்தாள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒருவரும் விடையை எடுத்துக்கொடுக்கவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படியொரு மரியாதையான மௌனத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

"ஒரு பங்குக்கு மூணு துண்டு வேணும்," என்றேன். "நம்மகிட்ட இருக்கறது ரெண்டு. ஒரு பங்குல மூணுல ரெண்டு!"

பள்ளிக்கூட நாளிலிருந்து நான் திருப்பித் திருப்பிப் போட்ட எண்களுக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது. மகள் முகத்தைப் பார்த்தேன். துளி பயமில்லை. என் வீட்டிலேயே நடந்த இந்தச் செய்தியை, செய்தி பார்ப்பதே தொழிலான நான் தவறவிட்டிருந்தேன்.

மணி அடித்தது. அன்றைய பயிற்சியை யாரும் தொடங்கவே இல்லை.

"ஏதோ பேசணும்னீங்களே சார்?"

"ஒண்ணுமில்ல டீச்சர்," என்று கடிதத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

அடுத்த வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். ஒருவர் எழுந்தார். "இந்த வகுப்பு இன்னும் ஒருநாள் பின்னாடி போயிருக்கே, ஏன் டீச்சர்?"

"ஒருத்தருக்குப் புரியல சார். காத்திருந்தோம்."

"அலமாக்!" என்று அவர் தலையில் கைவைத்தார். "யாரு வீட்டுப் பிள்ளை அது?"

நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். மாலா நிதானமாகச் சொன்னாள்: "எங்க வீட்டுதுதாங்க. கொஞ்சம் லேட்டா புரியும். மத்தபடி நல்ல பிள்ளை."

யாழினி இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கிறாள். ஆனால் கோத்தா திங்கியில் நடக்கும் உறவினர் கல்யாணங்களில் "பிள்ளை எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், மாலா என்னைத்தான் திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள்:

"பரவால்லங்க. இப்பல்லாம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுது."